அத்தையைக் குப்புற ஒட்டுவது எப்படி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. ஒரு பத்திரிகை ஆசிரியர் 'கலை' என்ற தலைப்பில் சிறப்பிதழ் போடுகிறாராம். கதை கேட்டார். எனக்குக் கலையும் தெரியாது, கைவசம் கதையும் இல்லை. வீட்டில் மட்டும் ஒரு பெரிய ரகளை நடந்து ஓய்ந்திருந்தது. அதையே எழுதித் தள்ளிவிடலாம் என்று தோன்றியது.

"எழுதாதீங்க" என்றாள் மனைவி.

"பேரெல்லாம் போட மாட்டேன்."

"பேரு போடலைன்னா மட்டும் எங்க அம்மாவை யாருக்கும் தெரியாதாக்கும்?"

நியாயமான கேள்வி. என் மாமியாரை, அதாவது அத்தையை, பெயர் சொல்லாமல் இருட்டறையில் உட்கார வைத்தாலும் அவர் வாயைத் திறந்தால் போதும், தெருவே அடையாளம் சொல்லிவிடும். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் எழுதுவேன், அவள் படிப்பாள், எங்கே கதை விடுகிறேனோ அங்கே அவள் அடைப்புக்குறிக்குள் மூக்கை நுழைப்பாள்.

[மூக்கை நுழைக்கவில்லை. திருத்துகிறேன். – மனைவி]

பார்த்தீர்களா, ஆரம்பித்தாயிற்று.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தொலைதூரத்தில், மலையடிவாரத்தில், செர்ரி மரங்கள் பூத்து நின்ற ஒரு காலைப்பொழுதில், முதிய ஜப்பானியக் கலைஞர் ஒருவர் தன் உளியை எடுத்து"

எடுத்து என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஜப்பானுக்குப் போனதில்லை. செர்ரியை நான் பார்த்ததெல்லாம் கேக்கின் உச்சியில்தான். அந்தப் பெரியவரை அங்கேயே, உளியும் கையுமாக, விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது:

"ஜப்பானிய முறை மரச்செதுக்கு அச்சில் இயந்திரம் கிடையாது. நீரில் கரைத்த வண்ணத்தைச் செதுக்கிய பலகையில் தூரிகையால் பூசி, மேலே ஈரத்தாளை வைத்து, மூங்கில் உறை சுற்றிய வட்டமான தேய்ப்பானால் தாளின் முதுகைத் தேய்த்து"

விஷயம் சரிதான். ஆனால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. பத்திரிகை ஆசிரியரே கொட்டாவி விடுவார்.

மூன்றாவது:

"என் மனைவி தரையில் உட்கார்ந்து, 'அம்மாவைத் திருப்பி வெட்டிட்டேன்' என்று ஓவென்று அழுதாள்."

இது நல்ல தொடக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது கதையின் நடுவில் நடப்பது. இங்கே ஆரம்பித்தால் பின்னால் ஓடி, மறுபடி முன்னால் ஓடி, மூச்சு வாங்கி... அதற்கெல்லாம் எனக்கு வயதில்லை. நேராகவே சொல்லிவிட்டுப் போகிறேன்.

[நான் 'ஓவென்று' அழவில்லை.]

3

பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஏறும் படிக்கட்டில் ஆசிட் வாசனை, உள்ளே மரத்தூள் வாசனை. நீள மேசை, அதைச் சுற்றி மடக்கு நாற்காலிகள், ஜன்னலோரம் கொடி கட்டித் துணி காயப்போடுவதுபோல அச்செடுத்த தாள்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வாரக் கடைசியில் அங்கேதான் மரச்செதுக்கு வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் வார நாள்களில் டூப்ளிகேட் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். என் மனைவியைவிட வயதில் சின்னவள். எல்லாரும் அவளைச் 'சாவி டீச்சர்' என்றே கூப்பிடுவார்கள்.

என் மனைவி அங்கே சேர்ந்தது ஏன் என்றால், நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டில் சத்தம் போட ஏதாவது வேண்டும் என்பதற்காக.

[பொய். எனக்குப் பிடித்தது, சேர்ந்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் வந்து நிற்காதீர்கள்.]

நானும் ஒருநாள் கூடப் போய் உட்கார்ந்தேன். சாவி டீச்சர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே தருகிறேன், பின்னால் தேவைப்படும். முதலில் மெல்லிய தாளில் படம் வரைய வேண்டும். அந்தத் தாளைப் பலகையில் மாவுப் பசை தடவிக் குப்புற ஒட்ட வேண்டும், படம் கீழே பார்த்தபடி. பிறகு தாளின் முதுகை ஈர விரலால் மெல்ல உருட்டித் தேய்த்து எடுத்தால் தாள் இழையிழையாக வந்துவிடும், கோடுகள் மட்டும் பலகையில் தெரியும். அந்தக் கோடுகளின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, மீதி இடத்தையெல்லாம் தோண்டி எடுத்துவிட வேண்டும். கோடு மட்டும் மேடாக நிற்கும்.

"அப்போ வரைஞ்ச படம்?" என்று கேட்டேன்.

"போச்சு சார்" என்றாள் சாவி டீச்சர். "தாளும் வெட்டுப்பட்டு தூளாயிடும். கழுவி ஊத்திடுவோம்."

"அடப்பாவமே!"

"ஒண்ணு போனாத்தானே சார் நூறு வரும்?" என்றாள், ஏதோ நான் வரைந்து கிழித்தவன் மாதிரி என்னைப் பார்த்து. "குப்புற ஒட்டணும், அது மட்டும் மறந்துடக் கூடாது. பலகைல படம் எதிர்ப்பக்கமா இருந்தாத்தான் தாள்ல நேரா விழும்."

என் மனைவி தலையாட்டினாள். நன்றாக ஆட்டினாள். நானே சாட்சி.

4

இப்போது ஒரு பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமா.

என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் வயரிங் வரைபடத்தைத் தவிர வேறெதையும் வரைந்ததில்லை. அத்தைக்குக் கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடந்த காலத்தில், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்குப் பொழுது போகவில்லை. உதிரிபாகங்கள் சுற்றி வரும் மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, பேனாவால் அத்தையை வரைந்துவிட்டார். ஒரே படம். அடித்தல் திருத்தல் இல்லை. அப்படியே அத்தை. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொன்னால் எதிரில் இருப்பவர் தாங்குவாரா என்று ஒரு கணம் யோசிக்கும் முகம். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறி நிற்கும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று சிரித்தார்கள்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் திடீரென்று இப்படி வரைவார் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் ஒரு வரைவில் அவரை ஓவிய ஆசிரியராக மாற்றிப் பார்த்தேன்.

[எங்க அப்பாவை மாற்ற நீங்கள் யார்? திருப்பிப் போடுங்கள்.]

போட்டாயிற்று. லிஃப்ட் மெக்கானிக்தான். ஓவிய ஆசிரியர் ஒருவர் படம் வரைந்தால் அதில் கதையே இல்லை.

அந்தப் படத்தைப் பிடிக்காத ஒரே ஆள் அத்தை. "இது யாரு? என் வாய் இப்படியா கோணிக்கிட்டு இருக்கு? வேணும்னே வரைஞ்சிருக்காரு" என்பார். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேனே, எனக்குத் தெரியாதா என் மூஞ்சி என்று கேட்பார்.

அதற்கு அடுத்த வருடமே மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நரம்புக் கோளாறு. இப்போது டீ கிளாஸைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். சட்டைப் பொத்தானை அத்தைதான் திட்டிக்கொண்டே போட்டுவிடுகிறார். இன்னொரு படம் அவரால் வரைய முடியாது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

5

சரி, ரகளைக்கு வருவோம். என் மச்சான், மனைவியின் தம்பி, குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறப் போகிறான். போகும்போது அந்தப் படத்தைக் கேட்டான். மனைவிக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. அவளும் அதன் மேல் ஒரு கண் வைத்திருந்தாள். தம்பியிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் அக்காவும் தம்பியும் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அந்த மரியாதையைக் கேட்டதும் நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மனைவிதான் யோசனை சொன்னாள். மரத்தில் செதுக்கி அச்செடுத்தால் ஆளுக்கொன்று இருக்கும்.

இந்த இடத்தில் புத்திசாலி வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார்: ஏன், ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டினால் மூலப்படம் பிழைக்குமே? ஐயா, அதைத்தான் நானும் சொன்னேன். சாவி டீச்சரும் சொன்னாள். ஒத்துக்கொள்ளாதவர் மாமா.

"அசலை வச்சிருந்தா அது யாருக்குன்னு மறுபடி சண்டை வரும்" என்றார். "அதையே ஒட்டிடும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கட்டும்."

"அப்பா, அது போயிடும்ப்பா. ஒண்ணுமே மிஞ்சாது."

"கோடு மிஞ்சும்ல?"

"மிஞ்சும்."

"அப்புறம் என்ன?"

அத்தை மட்டும், "போனா போகட்டும், கோண வாய்" என்றார்.

என் போனில் அந்தப் படத்தின் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் பாதி முகத்தின் மேல் என் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கிறது. அதைப் பற்றி இந்த வீட்டில் நிறையப் பேசியாயிற்று, மேலும் பேச வேண்டாம்.

6

ஒட்டியது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நான் அப்போது அங்கே இல்லை. திரும்பி வந்தபோது பலகையில் படம் ஒட்டியாயிற்று, அதிலிருந்து அத்தை என்னைப் பார்த்து வாயோரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நன்றாகத் தெரிந்தது. 'அட, எவ்வளவு தெளிவாக இருக்கிறது' என்று பாராட்டிவிட்டுக் காபி போடப் போனேன்.

குப்புற ஒட்டிய படம் எப்படிப்பா அவ்வளவு தெளிவாக, கடையில் வாங்கிய காலண்டர் மாதிரித் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் எழுத்தாளன், கவனிப்பதுதான் என் தொழில் என்று மேடையில் பேசுகிறவன்.

ஆமாம். நிமிர்த்தி ஒட்டிவிட்டாள்.

ஏன் என்பதற்கு நான் மூன்று காரணம் எழுதினேன். அவசரம், அசதி, நான் போனில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தது. மூன்றையும் மனைவி அடித்துவிட்டாள்.

[காரணம் எனக்குத் தெரியும். பிறகு வரும். அதை மட்டும் நீங்களாக எழுதாதீர்கள்.]

அதன் பிறகு வாரக்கணக்கில் செதுக்கினாள். புருவத்தைச் செதுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள், நானும் பக்கத்து அறையில் அடக்கிக்கொள்வேன். நான் எழுதியதை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அவளுக்கு இல்லை. கத்தி ஒருமுறை கோட்டுக்குள் இறங்கினால் அத்தைக்கு மூக்கு இல்லை, அவ்வளவுதான். தாள் துண்டு துண்டாகச் சுருண்டு விழுந்தது. மாமாவின் பேனா மை படிந்த சில்லுகளை அவள் குப்பையில் போடாமல் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்து, பிறகு அதுவும் அசட்டுத்தனம் என்று கொட்டிவிட்டாள்.

7

முடித்துப் பலகையைக் கழுவி வகுப்புக்குக் கொண்டுபோனாள். சாவி டீச்சர் விரலால் தடவிப் பார்த்து, "சூப்பர்க்கா, கோடு ஒண்ணுகூட உடையலை" என்றாள். மூலப்படத்தை அவள் பார்த்ததில்லை, அவளைக் குறை சொல்ல முடியாது. மை பூசினார்கள். தாளை வைத்தார்கள். தேய்த்தார்கள். உரித்தார்கள்.

அத்தைதான். ஆனால் வாய் மறுபக்கம் ஏறியிருந்தது. வகிடும் இடம் மாறியிருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிற, ஆனால் நமக்குத் தெரியாத ஒரு அம்மாள்.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவைத் திருப்பி வெட்டிட்டேன்" என்றாள். அசல் போய்விட்டது. மாமாவால் இன்னொன்று வரைய முடியாது. அவர் தன் கையால் வரைந்த ஒரே முகத்தை அவளே சீவி எறிந்துவிட்டு, வேறு யாரையோ கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்க வருகிறார்.

சாவி டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விரலை இப்படியும் அப்படியும் திருப்பி யோசித்தாள்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. இந்த அச்சை எடுத்துப் புதுப் பலகைல ஒட்டி வெட்டுங்க. ஆனா குப்புற ஒட்டாதீங்க."

"பின்ன?"

"மறுபடி நிமிர்த்தியே ஒட்டுங்க. இதே தப்பை இன்னொரு தடவை செஞ்சா சரியாயிடும்."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. திருமணமான பலர் இந்த முறையில்தான் காலம் தள்ளுகிறோம். ஆனால் இன்னொரு பலகை வெட்ட இன்னும் பல வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அதுவரைக்கும் காத்திருக்காது.

8

ஞாயிறு. அத்தையும் மாமாவும் வந்து இறங்கினார்கள். அச்சடிக்கும் முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று மனைவி முடிவு செய்திருந்தாள். காலையிலிருந்து வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள். ஆனால் அத்தை இருக்கிற இடத்தில் யாருக்கு வாய்ப்புக் கிடைக்கும்?

"எங்க, காட்டு. என்னை எப்படிக் கொத்தி வச்சிருக்கேன்னு பாக்கறேன்."

"அம்மா, ஒரு நிமிஷம்..."

"என்ன நிமிஷம்? அவருக்குச் சீக்கிரம் சாப்பிடணும். அடி."

மனைவி அடித்தாள். மை, தாள், தேய்ப்பு. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு புது மோட்டார் ஓடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளின் மூலையைப் பிடித்துத் தூக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆ!" என்றார் அத்தை. "இதுதான் நான்! பாருங்க, இப்போ எவ்வளவு லட்சணமா இருக்கு. கோணலே இல்லை. கண்ணாடில பாக்கற மாதிரியே இருக்கேன்."

மாமா பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வாய் அந்தப் பக்கம் போயிடுச்சே" என்றார்.

"குப்புற ஒட்டணும்ப்பா. நான் நிமிர்த்தி ஒட்டிட்டேன்."

"தெரியாமயா?"

"தெரியும்ப்பா. கைல எடுத்து, பசை தடவி... அம்மா முகத்தைக் குப்புறப் போட மனசு வரலை. ஒரு செகண்ட்தான். அப்படியே நிமிர்த்திப் போட்டுட்டேன். அப்புறம் அது தப்புங்கறதே மறந்துபோச்சு."

அத்தை தன் சேலைத் தலைப்பால் மேசையில் சிந்திய மையைத் துடைக்க ஆரம்பித்தார். கல்யாணமானதிலிருந்து நான் பார்த்திராத காட்சி. அதைக்கூட என்னால் ரசிக்க முடியவில்லை.

"பழைய தாளு?" என்றார் மாமா.

"தூளாப் போச்சுப்பா."

"ம்."

மாமாவின் கை முழங்காலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பலகை வெட்டினால் சரியாகிவிடும் மாமா என்று நான் சாவி டீச்சரின் வைத்தியத்தை எடுத்துவிட்டேன். "எதுக்கு? இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார் அத்தை. மனைவி கை கழுவப் போவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்கவில்லை. நானும் எழுந்து போனேன்.

9

இங்கே என் பேனா நின்றது. எப்படி முடிப்பது?

முதல் முடிவு: "மாமா மெல்ல எழுந்து வந்து, மகளைக் கட்டி அணைத்து, நடுங்கும் கையால் அவள் தலையை"

[எங்க அப்பா யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. சினிமா காட்டாதீர்கள்.]

இரண்டாம் முடிவு: மாமா கோபித்துக்கொண்டு போய்விடுகிறார், சில மாதத்தில் காலமாகிவிடுகிறார், மனைவி காலமெல்லாம்... ஒரு சாவு விழுந்தால் கதைக்குக் கனம் வரும், விருதுக் குழு நிமிர்ந்து உட்காரும். ஆனால் மாமா இப்போதுகூடப் பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். உயிரோடு இருப்பவரைக் கொல்ல எனக்குத் துணிச்சல் போதாது.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். சமையலறையில் அவள் அழுதாள். இந்த முறை ஓவென்றுதான்.

[ஆமாம்.]

நான் பக்கத்தில் நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அப்போது முன்னறையிலிருந்து அத்தையின் குரல்:

"இப்போ மறுபடியும் கோணிக்கிச்சே!"

மாமாவின் குரல்: "வெளிய போய்ப் பாரு."

"என்னது?"

"வெளிய போன்னு சொல்றேன்."

நாங்கள் பதறிப்போனோம். இத்தனை வருடத்தில் மாமா அத்தையை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனைவி ஈரக்கையோடு ஓடினாள், பின்னால் நான் துண்டோடு.

மாமா அந்த ஈரத்தாளை எடுத்துக்கொண்டுபோய் பால்கனி ஜன்னலின் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி ஒட்டியிருக்க வேண்டும், ஓரமெல்லாம் சுருக்கம். படம் வெளியே பார்த்தபடி, முதுகு எங்கள் பக்கம். வெளியே நல்ல வெயில். மெல்லிய தாள், மை உள்ளே இறங்கிய தாள். வெளிச்சத்தில் கோடெல்லாம் இந்தப் பக்கமும் தெரிந்தது. வாயோரம் பழைய பக்கத்தில் ஏறியிருந்தது. வகிடு பழைய இடத்தில். மாமா வரைந்த அத்தை.

வெளியே, பால்கனியில், நிஜ அத்தை நின்று கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கேன்" என்று அங்கிருந்தே கத்தினார். "என்னை வெளிய தள்ளிட்டு உள்ள என்ன பாக்கறீங்க?"

மாமா ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. மகளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஒண்ணும் போகலம்மா. இந்தப் பக்கம் இருக்கா."

மனைவி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

இங்கேயே நிறுத்திவிடலாம்தான். ஆனால் வெயில் ஏறுகிறது. கண்ணாடி சூடாகிறது. தாள் காய்ந்துகொண்டே வருகிறது, மேல் மூலை ஒன்று ஏற்கெனவே விட்டுக்கொண்டு ஆடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முழுவதும் கழன்று விழும். மாமாவின் கையால் பிடிக்க முடியாது. அத்தை வெளியே இருக்கிறார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என் கையில் பேனா. மிச்சம் இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் எழுந்து வந்து பிடித்துச் சுவரில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நான் இந்த வீட்டு மாப்பிள்ளை.